செக்ரோல் புத்தகத்தைக் கருவிக்குள் வைத்தால் காப்புரிமை கிடைக்குமா?

தம்பி, நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்கிறேன். சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் குலைக் கணக்கு எடுக்க ஒரு கைக்கருவி செய்திருக்கிறீர்கள். காட்டுக்குள் லைன் கிடைக்காது. கருவியின் நினைவகம் சின்னது, பேட்டரி எந்த நேரத்திலும் போகலாம். அதனால் பதிவுகளை நினைவகத்தில் உங்களுக்கே உரிய ஒரு விதத்தில் அடுக்கினீர்கள். ஒரு நண்பர், "இது கிராணி (தோட்டத்துக் கணக்கர்) எழுதுற செக்ரோல்தானே (ஆட்களின் வருகையும் கூலியும் பதியும் புத்தகம்), அதைக் கருவிக்குள்ள போட்டதுக்கா காப்புரிமை? எந்தப் புரோகிராமருக்கும் தோணும்" என்கிறார். இன்னொருவர், "நினைவகத்தில் இருக்கும் தரவுக் கட்டமைப்பு ஒரு பொருள்தான் என்று அமெரிக்க நீதிமன்றமே சொல்லிவிட்டது, கட்டாயம் கிடைக்கும்" என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்பது உங்கள் கேள்வி.

இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. நினைவகத்தில் தரவு அடுக்கப்பட்டிருக்கும் விதத்தை, கண்டுபிடிப்பை எடைபோடும்போது கணக்கில் எடுத்துக்கொள்வார்களா என்பது ஒன்று. எடுத்துக்கொண்டால், அந்த அடுக்கு துறை தெரிந்த எவருக்கும் தானாகத் தோன்றக்கூடியதா என்பது மற்றொன்று. முதல் நண்பர் முதல் கேள்வியைத் தாண்டிக் குதித்து இரண்டாவதற்குப் பதில் சொல்கிறார். அடுத்தவர் முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை இரண்டாவதற்கும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார். இரண்டையும் பிரித்தால்தான் உங்கள் கருவியில் எது தேறும் என்று பார்க்க முடியும்.

நான் பினாங்கில் 10 ஆண்டுகள் சின்னக் கருவிகளுக்கு நிரல் எழுதியவன். அதன் பிறகு காப்புரிமை முகவராகப் பதிவு பெற்று, 17 ஆண்டுகளாக மற்றவர்களின் கண்டுபிடிப்புகளுக்கு விண்ணப்பம் எழுதி வருகிறேன். என் அப்பா தோட்டத்தில் கிராணி. விடியற்காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆட்கள் கூடும் இடத்தில், பெயர் கூப்பிட்டு அவர் செக்ரோல் போடுவதைப் பார்த்து வளர்ந்ததால், உங்கள் நண்பரின் உவமை எனக்கு நன்றாகவே புரிகிறது. உங்களுடைய இரண்டு பக்கக் குறிப்பை மட்டும்தான் படித்திருக்கிறேன், நிரலையோ கருவியையோ பார்க்கவில்லை. இப்படி ஒன்று முன்பே இருக்கிறதா என்ற முறையான தேடலும் செய்யவில்லை. ஆகவே "கிடைக்கும்", "கிடைக்காது" என்று முடிவு சொல்ல இது இடமில்லை.

நம் நாட்டுச் சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். மலேசியக் காப்புரிமைச் சட்டம் 1983-இல் இயற்றப்பட்டு 1986 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு கண்டுபிடிப்பு புதிதாக இருக்க வேண்டும், அதில் கண்டுபிடிப்புப் படி ஒன்று (துறை தெரிந்தவருக்குத் தானாகத் தோன்றாத முன்னேற்றம்) இருக்க வேண்டும், தொழிலில் பயன்பட வேண்டும் என்கிறது 11-ஆம் பிரிவு. கண்டுபிடிப்பு என்பதையே 12-ஆம் பிரிவு, தொழில்நுட்பத் துறையில் ஒரு குறிப்பிட்ட சிக்கலுக்கு நடைமுறையில் தீர்வு தரும் கருத்து என்று வரையறுக்கிறது. 13-ஆம் பிரிவு சிலவற்றை விலக்கி வைக்கிறது: கணித முறைகள், வணிகம் செய்யும் திட்டங்களும் விதிகளும், மனத்துக்குள்ளேயே நடக்கும் செயல்கள், விளையாட்டு விதிகள் போன்றவை. இங்கிலாந்துச் சட்டம் கணினி நிரல் "அந்த அளவில்", அதாவது வெறும் நிரலாக மட்டும் இருந்தால், விலக்கப்பட்டது என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. நம்முடைய 13-ஆம் பிரிவில் அந்த வார்த்தைகள் இல்லை. அதற்காகக் கதவு அகலத் திறந்திருக்கிறது என்று எண்ண வேண்டாம். குலைக்கு இத்தனை சென் என்று கூலி போடும் முறையை நீங்கள் உரிமை கோரினால் அது வணிகத் திட்டம், அங்கேயே முடிந்துவிடும். நினைவகம் எப்படி இயங்குகிறது என்பதைக் கோரினால்தான் அடுத்த படிக்குப் போக முடியும்.

இனி உங்கள் இரண்டாவது நண்பர் சொன்ன தீர்ப்பு. அது 1994-இல் அமெரிக்காவின் ஃபெடரல் சர்க்கியூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய லோவ்ரி தீர்ப்பு. அதற்கு முன்கதை ஒன்று உண்டு. அச்சிட்ட எழுத்து மட்டும் புதிதாக இருந்தால் பொருள் புதிதாகிவிடாது என்பது காப்புரிமை உலகின் பழைய கொள்கை. சாதாரணக் குவளையில் புதுக் கவிதையை அச்சடித்துக் குவளைக்குக் காப்புரிமை கேட்க முடியாது. 1983-இல் குலாக் என்பவரின் வழக்கு வந்தது. முடிவில்லாமல் சுற்றிவரும் ஒரு பட்டையில், கணித முறைப்படி வரிசைப்படுத்திய எண்களை அவர் அச்சிட்டிருந்தார். எண்களின் வரிசை பட்டையின் வளைய வடிவத்தைப் பயன்படுத்திக்கொள்கிறது, ஆகவே அச்சுக்கும் பொருளுக்கும் இடையே செயல்முறைத் தொடர்பு இருக்கிறது, அதை ஒதுக்கிவிடக் கூடாது என்றது நீதிமன்றம். 2004-இல் இங்காய் வழக்கில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். பழைய ஆய்வகப் பொருள் தொகுப்போடு புதிய செய்முறைத் தாளைச் சேர்த்தால் தொகுப்பு புதிதாகிவிடாது என்று அங்கே சொன்னார்கள். இல்லையென்றால் தாளை மாற்றி மாற்றி ஒரே பொருளுக்குக் காலமெல்லாம் உரிமை வாங்கிக்கொண்டே போகலாம்.

லோவ்ரி கோரியது, தரவுப் பொருள்களை ஒன்றோடொன்று குறிப்பிட்ட உறவுகளில் அடுக்கி வைத்திருக்கும் ஒரு நினைவகம். காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியம் அந்த அடுக்கை அச்செழுத்துப் போல எண்ணி ஒதுக்கிவிட்டு, மிச்சம் இருப்பது வெறும் நினைவகம்தானே, இதில் புதிது என்ன என்று கேட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மனிதன் படித்துப் புரிந்துகொள்ளும் தகவலுக்கான கொள்கையை இயந்திரம் செயல்படுத்தும் தகவல்மீது திணிக்க முடியாது என்றது. 1969-ஆம் ஆண்டு பெர்ன்ஹார்ட் தீர்ப்பிலேயே இந்தக் கருத்து இருந்தது. லோவ்ரி தீர்ப்பு, தரவுக் கட்டமைப்புகள் வெறும் எண்ணங்கள் அல்ல, நினைவகத்தில் மின்னாகவும் காந்தமாகவும் இருக்கும் குறிப்பிட்ட அமைப்புகள், அவை கணினியின் திறனைக் கூட்டுகின்றன என்றும் சொன்னது.

உங்கள் நண்பர் இந்த இடத்தில்தான் தவறிவிட்டார். வெளிப்படையானதா (துறை தெரிந்தவருக்குத் தானாகத் தோன்றக்கூடியதா) இல்லையா என்று பார்க்கும்போது தரவுக் கட்டமைப்பையும் தட்டில் வைத்து எடைபோட வேண்டும் என்றுதான் லோவ்ரி சொன்னது. தட்டில் வைத்த எல்லாமே எடை தேறும் என்று சொல்லவில்லை. அமெரிக்கத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்துவதும் இல்லை. நம் நீதிமன்றங்கள் இங்கிலாந்துத் தீர்ப்புகளையே அதிகம் எடுத்தாளுகின்றன. 2016-இல் வந்த என்ஃபிஷ் தீர்ப்பையும் சிலர் இதோடு கலந்துவிடுகிறார்கள். தன்னைத் தானே விவரிக்கும் தரவு அட்டவணை ஒன்று காப்புரிமைக்குரிய பொருளா என்பதுதான் அங்கே முக்கியக் கேள்வி. கணினியையே மேம்படுத்துவதால் ஆம் என்றார்கள். அதுவும் தட்டில் ஏற்றிவிட்டது, அவ்வளவே.

எதைத் தட்டில் வைப்பது, எதை விடுவது என்பதற்கு நான் இத்தனை ஆண்டுகளில் கண்ட மிகத் தெளிவான உரைகல் ஐரோப்பாவிலிருந்து வந்தது. 2000-இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியம் பிலிப்ஸ் நிறுவனத்தின் படப் பதிவுத் தட்டு ஒன்றைப் பற்றி முடிவு சொன்னது. அந்தப் பதிவுத் தட்டில் படத்தின் தரவும் இருந்தது. வரி எண்கள், முகவரிகள், ஒத்திசைவுக் குறிகள் ஆகியவையும் இருந்தன. படத்தின் தரவு அழிந்துபோனால் திரையில் பனிபெய்வது போல் புள்ளிகள் தெரியும், பார்ப்பவருக்கு அர்த்தம் இருக்காது, ஆனால் கருவி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். முகவரிகளும் ஒத்திசைவுக் குறிகளும் அழிந்தால் கருவியே நின்றுவிடும். முதலாவது மனிதனுக்கான தகவல், இரண்டாவது கருவியின் உறுப்பு என்று வாரியம் பிரித்தது.

இதை அப்பாவின் செக்ரோலில் வைத்துப் பார்க்கிறேன். முனியம்மா என்ற பெயரை அழித்து வேறு பெயர் எழுதினாலும் புத்தகம் புத்தகமாகவே இருக்கும். தவறான ஆளுக்குச் சம்பளம் போகும், அது வேறு தொல்லை. அப்பா ஓரத்தில் சின்னதாக ஒரு பக்க எண் போட்டு வைப்பார். இந்த ஆளின் போன மாத மிச்சம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்கான குறி அது. அதை அழித்தால் கணக்கு எடுக்கும் வேலையே தடைபட்டுவிடும். உங்கள் கருவியில் பெயர், குலை எண்ணிக்கை, காய், பழம், பிளாக் எண் எல்லாம் முனியம்மா வகை. அடுத்த பதிவு எங்கே இருக்கிறது என்று காட்டும் சுட்டிகள் பக்க எண் வகை. உங்கள் உரிமைக்கோரல் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று விண்ணப்பத்தில் வரையறுக்கும் பகுதி) முழுவதும் இரண்டாவது வகையில் நிற்க வேண்டும். உங்கள் குறிப்பில் முதல் பக்கம் முழுக்கச் செம்பனைக் கணக்கைப் பற்றியே இருக்கிறது. அது நம் ஆட்களின் கூலி சம்பந்தப்பட்டது, நீங்கள் அதில் எவ்வளவு அக்கறை வைத்திருக்கிறீர்கள் என்பது தெரிகிறது. ஆனாலும் காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் அந்தப் பக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டுத்தான் எடைபோடத் தொடங்குவார்.

இப்போது முதல் நண்பரிடம் வருவோம். கையால் செய்த கணக்கை இயந்திரத்துக்குள் கொண்டுவந்தால் மட்டும் போதாது என்பதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. 1976-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே மாதிரி ஒன்றைத் தள்ளுபடி செய்தது. டான் எதிர் ஜான்ஸ்டன் என்பது வழக்கு. வங்கி வாடிக்கையாளர்கள் காசோலையில் செலவு வகைக்கான குறியீடு போட்டால், கணினி அந்த வகைவாரியாகக் கணக்குப் பிரித்துத் தரும். வங்கிகள் ஏற்கெனவே கணினியில் செய்துவந்ததற்கும் இதற்கும் இடைவெளி பெரிதில்லை, துறை தெரிந்தவருக்கு இது வெளிப்படை என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். உங்கள் விண்ணப்பம் "செக்ரோலைக் கைக்கருவியில் பதியும் முறை" என்று போனால் அந்த வழக்கின் கதிதான் அதற்கும்.

ஆனால் "எந்தப் புரோகிராமருக்கும் தோணும்" என்ற அவருடைய அளவுகோலை நான் ஏற்க மாட்டேன். தெரிந்த பிறகு எல்லாமே எளிதாகத்தான் தெரியும். நம் ஊருக்குப் பக்கத்திலேயே, குவாலா கங்சாரில், 1877-இல் ரப்பர் மரம் நட்டார்கள். பிரேசிலில் சின்னக் கோடாரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்து மரத்தையே புண்ணாக்கிக்கொண்டிருந்த காலம் அது. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் இருந்த ரிட்லி, பழைய வெட்டின் ஓரத்தையே மெல்லிய சீவலாக மறுபடி மறுபடி சீவினால் பால் கூடுதலாக வருகிறது என்று காட்டியது 1890-களில். நம் தாத்தா பாட்டிகள் இருட்டில் நிரையில் நின்று தினமும் செய்த வேலை இதுதான். அவர்களிடம் போய் "இது ஒரு கண்டுபிடிப்பு" என்றால் "சீவாம வேற எப்படி வெட்டுறதாம்?" என்று கேட்பார்கள். காப்புரிமைச் சட்டம் பயப்படுவது இந்தப் பின்பார்வைக்குத்தான். அதனால் கேள்வியை விண்ணப்பத் தேதிக்கு முந்திய நாளில் நின்று கேட்கச் சொல்கிறது: அன்றைக்கு உலகத்துக்குத் தெரிந்திருந்தவை எல்லாம் மேசைமேல் இருக்க, இந்தத் துறையில் சாதாரணத் தேர்ச்சி உள்ள ஒருவர் இந்தப் படியை எடுத்து வைத்திருப்பாரா? அதற்கு அவருக்குக் காரணம் ஏதாவது இருந்ததா?

இதைச் சோதிக்கும் முறைகள் நாட்டுக்கு நாடு சொல்லில் மாறும், சாரம் ஒன்றுதான். அமெரிக்காவில் 1966-ஆம் ஆண்டு கிரஹாம் எதிர் ஜான் டியர் தீர்ப்பு அடித்தளம். கல் நிலத்தில் உழும்போது முறியாமல் வளைந்துகொடுக்கும் கலப்பைத் தண்டு பற்றிய வழக்கு அது. முன்பு இருந்தவை என்ன, வேறுபாடு என்ன, சாதாரணத் தேர்ச்சி எவ்வளவு என்று வரிசையாகப் பார்க்கச் சொன்னது. 2007-இல் கேஎஸ்ஆர் தீர்ப்பு அதை இறுக்கியது. தெரிந்த உறுப்புகளைத் தெரிந்த முறையில் சேர்த்து, எதிர்பார்த்த பலன் மட்டுமே வந்தால் அது பெரும்பாலும் வெளிப்படை. சாதாரணத் தொழிலாளிக்கும் ஓரளவு கற்பனை உண்டு, அவர் பொம்மை அல்ல என்றது. இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டு விண்ட்சர்ஃபிங் எதிர் தபூர் மரீன் தீர்ப்பு நான்கு படிகளைத் தந்தது, நம் நீதிமன்றங்களும் அந்தப் படிகளை எடுத்தாண்டிருக்கின்றன. அந்த வழக்கை நான் இளம் முகவர்களுக்குக் கதையாகவே சொல்வதுண்டு. பாய்மரப் பலகைக்கு வாங்கிய காப்புரிமை செல்லாமல் போயிற்று. அதைச் சாய்த்த சான்றுகளில் ஒன்று, 1958-இல் ஹேலிங் தீவுக் கடற்கரையில் 12 வயதுப் பையன் ஒருவன் தானே செய்து ஓட்டிய பலகை. முன்பே இருந்ததைத் தேடும்போது புத்தகமும் காப்புரிமை ஆவணமும் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இனி உங்கள் கருவியின் உள்ளே போவோம். நீங்கள் பயன்படுத்துவது நார் (NOR) வகை ஃபிளாஷ் நினைவகம், மின்சாரம் போனாலும் எழுதியது அதில் நிற்கும். அழித்த நிலையில் எல்லாம் 1. எழுதும்போது 1-ஐ 0 ஆக்கலாம். 0-ஐ மறுபடி 1 ஆக்க வேண்டுமானால் அந்தத் தொகுதி முழுவதையும் அழிக்க வேண்டும். அழிப்பதற்கு நேரமும் மின்சாரமும் பிடிக்கும், ஒவ்வொரு தொகுதிக்கும் அழிப்பு எண்ணிக்கையில் ஓர் எல்லையும் உண்டு. ஆகவே நீங்கள் பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக்கொண்டே போகிறீர்கள். ஒவ்வொரு பதிவிலும் மூன்று சுட்டிகளுக்கான இடத்தை வெற்றாக விடுகிறீர்கள்: அதே ஆளின் அடுத்த பதிவு, அதே பிளாக்கின் அடுத்த பதிவு, அதே லாரியின் அடுத்த பதிவு. பிறகு அடுத்த பதிவு வரும்போது, பழைய பதிவின் வெற்றிடத்தை நிரப்புகிறீர்கள். அழிக்கத் தேவையே வரவில்லை.

இதில் பழையது எது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். சுட்டிகளால் கோத்த பட்டியல் 1950-களின் நடுவில், ரேண்ட் நிறுவனத்தில் நியூவெல், ஷா, சைமன் ஆகியோரின் பணியில் வந்தது. ஒரே பதிவைப் பல பட்டியல்களில் கோப்பது கணினிப் பாடநூல்களில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. பின்னால் மட்டும் எழுதிக்கொண்டே போகும் பதிவேடும் அப்படியே. ஃபிளாஷில் சுட்டியின் இடத்தை வெற்றாக விட்டுவைத்துப் பின்னர் நிரப்பும் உத்திகூட 1990-களின் முற்பகுதியிலேயே ஃபிளாஷுக்கான கோப்பு முறைகளில் வந்துவிட்டது. நீங்கள் இதையே முதன்மையாக எழுதியிருக்கிறீர்கள். இதை மட்டும் கோரினால் விண்ணப்பம் நிற்காது என்றே நினைக்கிறேன். எல்லாவற்றையும் சேர்த்தேனே என்றால், கேஎஸ்ஆர் சொன்னதுதான் பதில்: ஒவ்வொன்றும் தன் வழக்கமான வேலையையே செய்கிறது.

ஆனால் இரண்டாம் பக்கத்தின் அடியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மூன்று சுட்டிகளையும் எப்போதும் ஒரே வரிசையில் நிரப்புகிறேன், முதலில் ஆள், அடுத்து பிளாக், கடைசியில் லாரி என்று. பேட்டரி போய்த் திரும்ப வரும்போது, கடைசிப் பதிவை நோக்கி எந்தச் சுட்டிகள் நிரம்பியிருக்கின்றன, எது வெற்றாக இருக்கிறது என்று பார்த்தே, வேலை எந்த இடத்தில் அறுந்தது என்று கருவி கண்டுபிடித்து மிச்சத்தை முடித்துவிடுகிறது. தனியாக மீட்புக் குறிப்பேடு எழுதுவதில்லை. தம்பி, என் கண்ணுக்கு உங்கள் கண்டுபிடிப்பு அந்த வரியில்தான் இருக்கிறது. தேடுவதற்காக வைத்த சுட்டியே, கூடுதலாக ஒரு பைட் கூட எழுதாமல், விபத்துக்குச் சாட்சியாகவும் நிற்கிறது. பாடநூல்கள் இந்த இடத்தில் வேறு பக்கம் கை காட்டும்: மீட்புக்குத் தனிப் பதிவேடு வை, எழுதும் முன் அதில் குறித்துக்கொள் என்று. பழைய அறிவு ஒரு பக்கம் போகச் சொல்லி, நீங்கள் வேறு பக்கம் போய் அதே பலனை நினைவகத்தில் குறைவாக எழுதியே எடுத்திருந்தால், வெளிப்படை இல்லை என்று வாதாட அது நல்ல தரை. தேடலில் இதே உத்தி கிடைத்துவிட்டால் இந்த வாதமும் போய்விடும். ஆகவே தேடச் சொல்லும்போது "குலைக் கணக்கு" என்று தேடச் சொல்லாதீர்கள். மின்சாரம் அறுந்த பிறகு மீளும் ஃபிளாஷ் பட்டியல்கள் என்று தேடச் சொல்லுங்கள். மின்மானி, வண்டிப் பதிவுக் கருவி, மருத்துவமனைக் கருவி என்று எந்தத் துறையில் கிடைத்தாலும் அது உங்களுக்கு எதிராக நிற்கக்கூடும்.

எளிமையாக இருப்பதால் வெளிப்படை ஆகிவிடாது என்பதற்கு விண்டோஸ் 95 காலத்து நீளக் கோப்புப் பெயர்கள் நல்ல சான்று. விண்டோஸுக்கு முந்திய டாஸ் இயங்குதளத்தில் பெயருக்கு 8 எழுத்தும் பின்னொட்டுக்கு 3 எழுத்தும்தான். ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட் அளவில் ஒரு பதிவு. நீளப் பெயரைக் கூடுதல் 32 பைட் பதிவுகளில் வெட்டி வைத்து, ஒரு கோப்புக்கு ஒருபோதும் சேர்ந்து வராத பண்புக் குறிகளை அவற்றில் ஒன்றாகப் போட்டுவிட்டார்கள். பழைய நிரல்கள் அவற்றைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும், புதியவை படித்துக்கொள்ளும். தரவு அடுக்கு ஒன்றே ஓர் இயந்திரச் சிக்கலைத் தீர்த்தது. அதன் காப்புரிமை அமெரிக்காவில் மறுபரிசோதனைக்குப் போய், முதலில் மறுக்கப்பட்டு, 2006-இல் நிலைநிறுத்தப்பட்டது. அனுபவமுள்ள பரிசோதகர்களே இரண்டு பக்கமும் நின்ற விஷயம் இது.

அதே 2006-இல் அமெரிக்க அலுவலகம் இன்னொன்றுக்கும் காப்புரிமை கொடுத்தது. கூடுதல் சுட்டிகள் வைத்து ஒரே பட்டியலை வேறு வேறு வரிசைகளில் சுற்றிவருவது. நிரல் எழுதும் யாரும் அதைப் பார்த்துத் தலையில் கைவைக்காமல் இருந்ததில்லை. அரை நூற்றாண்டுப் பழைய உத்தி. "அவனுக்குக் கொடுத்தார்களே, எனக்கும் கொடுப்பார்கள்" என்று அதைக் காட்டி என்னிடம் வருவோர் உண்டு. கொடுத்த காகிதம் வேறு, நீதிமன்றத்தில் நிற்கும் உரிமை வேறு. உங்கள் பணத்தை முதலாவதற்காக மட்டும் செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

என் தொழிலின் தொடக்கத்தில் எனக்கே வலித்த அனுபவம் ஒன்று. கிடங்குச் சரக்குக் கணக்குக்கு ஒருவர் அருமையான நினைவக அடுக்கு செய்திருந்தார். நான் பேராசைப்பட்டு, "சரக்கு விவரங்களைச் சேமிக்கும் கருவி" என்று அகலமாகக் கோரினேன். அடுக்கைப் பற்றி விளக்கத்தில் ஒரே ஒரு பத்தி. பரிசோதகர் 1970-களின் பாடநூல் ஒன்றை எடுத்துவைத்து, எங்கள் அகலக் கோரலைச் சாய்த்தார். உண்மையான கண்டுபிடிப்புக்குப் பின்வாங்கலாம் என்றால், அதைத் தாங்கும் அளவுக்கு விளக்கத்தில் ஒன்றும் இல்லை. விண்ணப்பம் போட்ட பிறகு புதிய விவரத்தை உள்ளே நுழைக்க முடியாது. அந்த மனிதரின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. அதனால்தான் அந்த ஒற்றை வரியை நீங்கள் இரண்டு, மூன்று பக்கமாக விரித்து எழுத வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன். எந்தப் பைட் எப்போது எழுதப்படுகிறது, மூன்று கட்டங்களில் ஒவ்வொன்றிலும் மின்சாரம் போனால் நினைவகம் எப்படி இருக்கும், கருவி விழித்ததும் எதை முதலில் பார்க்கும், தனிப் பதிவேடு வைத்திருந்தால் எத்தனை முறை கூடுதலாக எழுத வேண்டியிருந்திருக்கும், எல்லாம். அளந்து பார்த்த எண்கள் இருந்தால் இன்னும் நல்லது.

நம் நாட்டில் உங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. பயன்பாட்டுப் புத்தாக்கச் சான்றிதழுக்குக் கண்டுபிடிப்புப் படி தேவையில்லை. புதிதாகவும் தொழிலில் பயன்படுவதாகவும் இருந்தால் போதும். ஒரே ஓர் உரிமைக்கோரல்தான் வைக்கலாம். முதலில் 10 ஆண்டு, தொழிலில் பயன்படுத்திக்கொண்டிருந்தால் 5 ஆண்டாக இரண்டு முறை நீட்டிக்கலாம். காப்புரிமை விண்ணப்பத்தை இதற்கு மாற்றிக்கொள்ளவும் சட்டம் வழி வைத்திருக்கிறது. வெளிப்படை என்ற கேள்வியில் தேடல் முடிவு இழுபறியாக இருந்தால் இதையே பரிந்துரைப்பேன். நிரலின் வரிகளைப் பொறுத்தவரை 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அவற்றை இலக்கியப் படைப்பாகக் காக்கிறது. ஆனால் அதே உத்தியை வேறொருவர் தானே எழுதினால் அது தடுக்காது.

கடைசியாக, நீங்கள் கேட்காத இரண்டு. தோட்டத்தில் நீங்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி, கண்டுபிடிப்பது உங்கள் வேலையாக இல்லாவிட்டாலும், முதலாளியின் தொழில் துறையில், அவர் கொடுத்த தரவையோ வசதியையோ வைத்துச் செய்திருந்தால், ஒப்பந்தம் வேறு மாதிரிச் சொல்லாத வரை உரிமை அவருக்குப் போகலாம். உங்களுக்கு நியாயமான ஊதியம் கேட்கும் உரிமை மட்டும் இருக்கும். கருவி யார் வாங்கியது, எந்த நேரத்தில் எழுதினீர்கள், தோட்டத்துக் கணக்கை வைத்துச் சோதித்தீர்களா என்பதை எல்லாம் தேதியோடு எழுதி வையுங்கள். வேலை ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள், அதில் நான் கருத்துச் சொல்லத் தகுதியானவன் இல்லை.

மற்றது அவசரம். ஆலையில் மேலாளர்களுக்குக் கருவியை இயக்கிக் காட்டியதாகவும், ஒருவர் அதைக் காணொளி எடுத்துப் பகிர்ந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். மலேசியாவில் கண்டுபிடிப்பாளரே வெளியிட்டது விண்ணப்பத்துக்கு முந்திய ஓராண்டுக்குள் இருந்தால் அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அமெரிக்காவிலும் ஓராண்டு உண்டு. ஐரோப்பாவில் அந்தச் சலுகை இப்படிப்பட்ட வெளியீட்டுக்கு இல்லை. காணொளியில் கருவியின் வெளித்தோற்றமும் திரையும் மட்டும் தெரிந்தால் நினைவக அடுக்கு வெளியானதாகச் சொல்வது கடினம். நீங்கள் வாயால் விளக்கியிருந்தால் வேறு கதை. எதற்கும் அந்தக் காணொளி எந்தத் தேதியில் போடப்பட்டது, அதில் நீங்கள் என்ன பேசியிருக்கிறீர்கள் என்று இன்றைக்கே பார்த்து எழுதுங்கள். அந்தத் தேதியை வைத்துத்தான் மற்ற வேலைகளுக்கு எத்தனை மாதம் மிச்சம் என்று எண்ண முடியும்.